கல்மரத்துக்கு வேலி, புளியமரத்துக்கு நம்பர்

முதல் நாள்: திருவக்கரை

திருவக்கரைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் வக்ரகாளியம்மனைக் கும்பிட்டுவிட்டு அப்படியே வண்டியைத் திருப்பிவிடுகிறார்கள். பௌர்ணமி என்றால் கேட்கவே வேண்டாம், ஊரே நிரம்பி வழியும். கோயிலிலிருந்து கூப்பிடு தூரத்தில், கம்பி வேலிக்குள், இரண்டு கோடி வருஷத்து மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. இன்று காலை அந்த வேலிக்குள் இருந்தது நாங்கள் இரண்டு பேர், நிழல் தேடி வந்த ஒரு இளம் ஜோடி, ஒரு வாட்ச்மேன். அவ்வளவுதான்.

நாங்கள் என்றால் நானும் சித்தப்பாவும். சித்தப்பா நெய்வேலி சுரங்கத்தில் காலமெல்லாம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பழைய மரங்களாகத் தேடி ஒரு சுற்று போகிறேன், வருகிறீர்களா என்று போனில் கேட்டேன்.

"என்ன மரம்மா?"

"கல்லாப் போனது, கரியாப் போனது, இன்னும் உசுரோட நிக்கிறது, எல்லாம்தான்."

"கரியாப் போனத நான் பாத்தாச்சு. மத்ததுக்கு வரேன்." சொன்னபடியே தன் பழைய ஆம்னியை எடுத்துக்கொண்டு கடலூரிலிருந்து புதுச்சேரி பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நின்றார். அங்கிருந்து திருவக்கரை சுமார் முப்பது கிலோமீட்டர்.

கல்மரம் என்றதும் நான் மனதில் வைத்திருந்தது ஏதோ பாறை, கொஞ்சம் மரச் சாயலோடு இருக்கும் என்று. கிட்டே போய்க் குந்தி உட்கார்ந்தால் மரமேதான். பட்டை உரிந்த இடத்தில் நார் ஓடுகிறது. கிளை முளைத்த கணு கண் போல அப்படியே இருக்கிறது. ஒரு துண்டின் வெட்டு முகத்தில் வெளியே வெளுப்பு, உள்ளே கறுப்புச் சிவப்பு, நடுவில் ஒரு விரல் நுழையும் பொந்து. அந்தப் பொந்துக்குள் பொடிப் பொடியாய்ப் படிகம் மின்னியது. கையை வைத்தேன். காலை பத்து மணிக்கே சுட்டது. சித்தப்பா தன் சாவியால் மெல்லத் தட்டினார், கணீர் என்றது. வாட்ச்மேன் தூரத்திலிருந்தே, "சார், தட்டாதீங்க" என்றார்.

இவை இங்கேயே வளர்ந்த மரங்கள் இல்லை என்பது ஆராய்ச்சிக்காரர்கள் கணிப்பு. ஒன்றிலும் கிளையோ இலையோ இல்லை, வேரும் இல்லை. எங்கேயோ வேரோடு சாய்ந்து, ஆற்று வெள்ளத்தில் உருண்டு வந்து, மணலில் புதைந்தவை. புதைந்த மரம் மட்கிப் போகவிடாமல் மணல் மூடிக்கொண்டது. மணலுக்குள் ஊறிய தண்ணீரில் கரைந்திருந்த சிலிக்கா என்ற கனிமம், மரத்தின் ஒவ்வொரு நுண்ணறையாகப் புகுந்து படிந்து, மரம் இருந்த இடத்தில் கல்லை வைத்துவிட்டது. அதனால்தான் நாரும் கணுவும் தப்பின. மூன்று மீட்டரிலிருந்து பதினைந்து மீட்டர் நீளம் வரைக்கும் அடிமரங்கள் கிடக்கின்றன. இவற்றைப் புதைத்து வைத்திருக்கும் மண்ணுக்குப் புவியியலில் கடலூர் மணற்கல் என்று பெயர். எங்கள் ஊர்ப் பேர்தான். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி கிடப்பதும் இதே மண்ணடுக்குகளின் கீழேதான் என்று சித்தப்பா சொன்னார். இதைப் பிறகு பார்ப்போம்.

1781இல் சொன்னெரா என்ற பிரெஞ்சு இயற்கையியலாளர் இந்தக் கல்மரங்களைப் பற்றி முதலில் எழுதினார். 1940இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை பூங்காவாக்கியது. மொத்தம் 247 ஏக்கர், ஒன்பது துண்டுகளாக. நாம் பார்ப்பது அதில் ஒரு சிறு பகுதியை மட்டும். ஊர்க்காரர்களுக்கு இதெல்லாம் தேவைப்படவில்லை. அவர்களுக்கு இது அசுரனின் எலும்பு. வக்ராசுரனைப் பெருமாள் வதம் செய்தார், எலும்பெல்லாம் சிதறிக் கல்லாகிவிட்டது. வாட்ச்மேன் இரண்டு கதையையும் ஒரே மூச்சில் சொன்னார். "நீங்க எதை நம்புறீங்க?" என்றேன். "டூட்டில இருக்கும்போது இதுங்கம்மா, வீட்டுக்குப் போனா அதுங்கம்மா" என்றார். நான் கேட்டதிலேயே நேர்மையான பதில்.

வேலிக்குள் ஒரு சிறு துண்டைக்கூட எடுக்க முடியாது. வேலிக்கு வெளியே, எந்நேரமும் கிரஷர் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. இந்தப் பக்கமெல்லாம் கல்குவாரி. டிப்பர் லாரிகள் ஜல்லியை ஏற்றிக்கொண்டு புழுதியோடு போகின்றன. அந்தக் கருங்கல்லின் வயது இந்த மரங்களைப் போல நூறு மடங்குக்கும் மேல். அதற்கு வேலி கிடையாது.

மாலையில் புதுச்சேரி தாவரவியல் பூங்கா. 1826இல் தொடங்கியது. பின்னால் பெரோத்தே என்ற தாவரவியலாளர் பல தேசத்துச் செடிகளைக் கொண்டுவந்து வளர்த்து ஆளாக்கினார். பிள்ளைகள் கூட்டம், ஐஸ் வண்டி, செல்ஃபி. பெரிய மரங்கள் சில 2011 தானே புயலில் போய்விட்டன. கால் வலி, அதனால் சீக்கிரம் கிளம்பிவிட்டோம்.

இரண்டாம் நாள்: புத்துப்பட்டு, ஆரோவில்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் காலாப்பட்டைத் தாண்டிப் போனால் புத்துப்பட்டு. மஞ்சனீஸ்வரர் அய்யனார் கோயிலும் அதைச் சுற்றிய காடும். இந்தக் கரையோரத்தில் ஒரு காலத்தில் இருந்த காடு எப்படி இருந்திருக்கும் என்று பார்க்க ஆசைப்படுகிறவர்கள் இங்கேதான் வர வேண்டும்.

தாவரவியல்காரர்கள் இதை வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்பார்கள். பேர் நீளம், விஷயம் எளிது. சோழமண்டலக் கரைக்கு மழை என்பது பெரும்பாலும் ஐப்பசி கார்த்திகையில் கொட்டுகிற மழைதான். மீதி மாதங்கள் வறட்சி. அப்படியிருந்தும் இந்தக் காடு இலையை உதிர்ப்பதில்லை. இலை சிறியது, தடித்தது, மேலே மெழுகு பூசியது. கிடைத்த தண்ணீரை வெளியே விடாது. மரம் உயரமாய்ப் போகாது, அவசரமாய் வளராது. வீரை மரத்தின் அடியைப் பார்த்தேன். வட்டமாக இல்லை. மடிப்பு மடிப்பாக, பள்ளமும் மேடுமாக முறுக்கிக்கொண்டு, நடுவில் பொந்து விழுந்து, அந்தப் பொந்துக்குள் இன்னொரு கொடி வேர்விட்டிருந்தது. உயரம் என்னவோ ஒரு மாடி வீட்டளவுதான். வயதைச் சொல்ல ஆளில்லை.

காசான், பாலை, வீரை, நெய்க்கொட்டான், இறும்பிலி, எட்டி. இவற்றில் எத்தனை மரத்தின் பேர் நம் பிள்ளைகளுக்குத் தெரியும்? பிள்ளைகளை விடுங்கள், சித்தப்பாவுக்கே பாலையும் எட்டியும்தான் தெரிந்தது.

பாலை பழுக்கும் காலம். மஞ்சள் மஞ்சளாய், கொட்டைமுத்துப் பருமனில் பழங்கள் தரையெல்லாம் கிடந்தன. கோயில் வாசலில் பூ விற்கும் ஆயாவிடம், எடுக்கலாமா என்று கேட்டேன்.

"வுழுந்தத எடுத்துக்கோ தாயி. மரத்துல கை வெக்காத."

"வெச்சா?"

"கொம்ப ஒடிச்சவன் கை வெளங்காதும்பாங்க. எங்க காலத்துல சுள்ளிகூட வெளிய போவாது. பொங்க வெக்கிறவங்க இங்கயே எரிச்சிட்டுப் போவணும்."

பழம் தித்திப்பு. இரண்டு தின்றால் உதட்டில் பால் ஒட்டிக்கொண்டு, மதியம் வரைக்கும் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

இந்தக் காட்டைக் காப்பாற்றியது வனத்துறையோ சட்டமோ இல்லை. கை விளங்காமல் போய்விடும் என்ற பயம். கரையோரத்தில் மிஞ்சிய இந்த வகைக் காடுகளில் பெரும்பாலானவை கோயிலை ஒட்டித்தான் இருக்கின்றன, சில ஏக்கர் துண்டுகளாக. கடலூர் பக்கம் திருமாணிக்குழி, குழந்தைக்குப்பம் கோயில் காடுகளை 1990களில் புதுவைப் பல்கலைக்கழகத்தார் மரம் மரமாக அளந்து பதிவு செய்திருக்கிறார்கள். அய்யனார் இல்லாத இடத்தில் இந்தக் காடு இல்லை. எனக்குச் சாமி நம்பிக்கை அரைகுறைதான். இந்த ஒரு விஷயத்தில் அய்யனார் பக்கம் நிற்கிறேன். ஆனால் பயம் குறைந்துகொண்டே வருகிற காலத்தில் அதை மட்டும் நம்பியிருக்க முடியுமா என்பது தெரியவில்லை. கோயில் காடு உள்ள பல ஊர்களில் இப்போது சாமிக்கே மண்டபமும் டைல்ஸ் தரையும் கார் நிறுத்துமிடமும் வேண்டியிருக்கின்றன. மரத்தை வெட்டுகிறவன் சாமி பேரைச் சொல்லியே வெட்டினால் கை எப்படி விளங்காமல் போகும்?

பிற்பகல் ஆரோவில். பல நாட்டு மக்கள் சேர்ந்து வாழும் நகரமாக 1968 பிப்ரவரி 28 அன்று தொடங்கியபோது இது பொட்டல் செம்மண் மேடு. கிழவர்களைக் கேட்டால், பனையும் ஒன்றிரண்டு ஆலமரமும்தான் கண்ணில் படும் என்பார்கள். மழை பெய்தால் செம்மண் கரைந்து கடலே சிவக்குமாம். இங்கேயும் முன்பு காடு இருந்தது. வீட்டுக்கும் விறகுக்கும் விவசாயத்துக்கும் என்று தலைமுறை தலைமுறையாக வெட்டித் தீர்த்ததுதான். வந்தவர்கள் முதலில் மரம் நடவில்லை. வரப்பு போட்டார்கள். மழைத் தண்ணீர் ஓடாமல் நின்ற பிறகே கன்று.

குயிலாப்பாளையத்தில் டீக்கடை வைத்திருக்கும் ஒரு ஆயா அந்த நாளில் தண்ணி ஊற்றிய கூலியாட்களில் ஒருவர். "வெள்ளக்காரன் நட்டாங்கிறாங்க. குழி வெட்டுனது எங்க மாமியா, தண்ணி தூக்குனது நானு. ஆடு மாடு மேயாம காவ காத்தது எங்க வூட்டு ஆம்பள" என்றார். டீக்குக் காசு வாங்கும்போது, "எழுதும்போது இதையும் எழுது" என்றார். எழுதிவிட்டேன் ஆயா.

அப்படி வளர்ந்த காட்டிலும் 2021 டிசம்பரில், திட்டமிட்ட வட்டச் சாலைக்காக ஜேசிபி இறங்கியது. நட்டு வளர்த்ததைக் காடு என்று சொல்லலாமா என்ற கேள்வி பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. சுற்றுச்சூழல் அனுமதி வாங்க வேண்டும் என்று 2022இல் வந்த தீர்ப்பாய உத்தரவை 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. நகரம் வேண்டும் என்பவர்களுக்கும் காடு வேண்டும் என்பவர்களுக்கும் ஆரோவில்லுக்குள்ளேயே சண்டை. ஒரு நாள் வந்து போகிற நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. ஆனால் ஐம்பது வருஷத்தில் வந்த காட்டை, கை நிறைய பணம் கொடுத்தாலும் ஐந்து வருஷத்தில் வாங்க முடியாது.

மூன்றாம் நாள்: பண்ருட்டிக்குப் போகும் வழியும் பண்ருட்டியும்

காலையில் கிளம்பும்போதே வெக்கை. அகலப்படுத்தும் வேலை நடக்கிற ஒரு சாலையில் வண்டியை ஓரங்கட்டினோம். இரண்டு பக்கமும் புளியமரங்கள் நின்ற சாலை. இப்போது ஒரு பக்கம் மட்டும் மரம், மறுபக்கம் அடிக்கட்டைகள். மிஞ்சி நிற்கும் மரங்களின் இடுப்பில் வெள்ளைப் பட்டை, அதில் கறுப்பில் நம்பர். எதிரே கட்டை ஒன்று ஈரம் காயாமல் இருந்தது. ரம்பம் ஓடிய தடம் வரி வரியாய்த் தெரிந்தது. ஓரத்தில் வெளிர் மஞ்சள், நடுவில் ஒரு சாண் அகலத்துக்குக் கருஞ்சிவப்பு வைரம். அந்த வைரத்தில் எறும்பு மொய்த்துக் கிடந்தது. சுற்றிலும் நெற்றுப் புளி இறைந்திருக்க, இரண்டு பெண்கள் அதைக் கூடையில் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"வருஷா வருஷம் புளி ஏலம் போவும். இந்த வருஷம் மரமே ஏலம் போயிடுச்சு" என்றார் அதில் ஒருவர்.

ஒரு மரத்துக்குப் பத்துக் கன்று நட வேண்டும் என்று நிபந்தனை உண்டு. கணக்குப்படி மரம் பத்து மடங்கு ஆகியிருக்க வேண்டும். நான்கு வழிச் சாலைகளின் நடுவில் பாருங்கள், அரளியும் காகிதப்பூவும் நன்றாகத்தான் பூக்கின்றன. அரளி நிழலில் யார் வண்டியை நிறுத்துவது?

சாலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இதே சாலையில் விபத்தில் போனவர்கள் எங்கள் சொந்தத்திலும் உண்டு. மரத்தைச் சுற்றி வளைத்துப் போட முடியுமா, ஒரு பக்கத்து வரிசையையாவது நடுவில் விட்டு அந்தப் பக்கம் சாலை போட முடியுமா என்று ஒரு நிமிஷம் யோசித்தார்களா என்பதுதான் என் கேள்வி. புளியமரத்துக்கு அய்யனாரும் இல்லை, புவியியல் துறையும் இல்லை. நம்பர் மட்டும்தான் இருக்கிறது.

பண்ருட்டிக்குள் நுழைந்தால் வாசனையே சொல்லிவிடும். மண்டிகளில் பலாப்பழம் மலையாய்க் குவிந்திருக்கிறது. சீசன். நாங்கள் போனது மாளிகம்பட்டு. அங்கே ஆயிரங்காய்ச்சி என்று பேர் பெற்ற ஒரு பலா மரம் இருக்கிறது. இருநூறு வயது என்கிறார்கள். கல்வெட்டு ஒன்றும் கிடையாது, பாட்டன் சொன்னது, பூட்டன் சொன்னது என்று வந்த வயது.

மரத்தைப் பார்த்தவுடன் சித்தப்பா செருப்பைக் கழற்றிவிட்டார். யாரும் கழற்றச் சொல்லவில்லை. பலா கொப்பில் காய்ப்பதில்லை, உடம்பிலேயே காய்க்கும். ஒவ்வொரு வருஷமும் காம்பு விட்ட இடத்தில் மறுபடி மறுபடி காம்பு விட்டு, அடிமரமெங்கும் முண்டு முண்டாக, கைப்பிடி அளவில், சில இடத்தில் தலையளவில் புடைத்திருக்கிறது. அந்த முண்டுகளைத் தடவிக்கொண்டே மரத்தைச் சுற்றி வந்தேன். ஒரு முண்டில் பழைய காம்புத் தழும்பு பத்துப் பதினைந்து, ஒன்றின் மேல் ஒன்று. ஓரிடத்தில் பால் கசிந்திருக்கிறது. தொட்டுவிட்டேன், தோப்புக்காரர் வீட்டில் நல்லெண்ணெய் வாங்கித் தேய்த்துத்தான் போனது. கீழே, மண்ணை ஒட்டி, வேரிலிருந்து புறப்பட்டது போல ஒரு காய் மண்ணில் உட்கார்ந்திருந்தது.

தானே புயலைப் பற்றி இங்கே பேசாமல் இருக்க முடியாது. 2011 டிசம்பர் 30 விடியற்காலை, கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை ஏறியது. பண்ருட்டி வட்டாரத்தில் முந்திரித் தோப்புகள் கோடாலி படாமலே தரைமட்டமாயின. பலாவும் அப்படியே. பக்கத்துத் தோப்புக்காரர் ஒருவர் சொன்னார்: "காலைல எழுந்து பாத்தா, எங்க தோப்புல நின்னுகிட்டே அடுத்த ஊரு தெரியுது. அதுக்கு முன்னாடி எங்க வீடே தெரியாதுங்க." விதைப் பலா காய்க்க ஏழெட்டு வருஷம் ஆகும். அதுவரை குடும்பத்துக்கு? நிறைய பேர் சவுக்கும் கரும்பும் என்று மாறிவிட்டார்கள். சிலர் விற்றுவிட்டார்கள். இந்த முதுமரம் அந்தக் காற்றையும் தாங்கி நின்றது.

எதனால் இத்தனை நாள் இதை வெட்டவில்லை என்று தோப்புக்காரரிடமே கேட்டேன். பெரிய பதிலை எதிர்பார்த்தேன். "காய்க்குதுங்களே" என்றார்.

காய்ப்பு நின்ற பலாவின் கதை வேறு. பலா மரத்தில்தான் தஞ்சாவூர் வீணை செய்கிறார்கள். மிருதங்கக் கட்டைக்கும் பண்ருட்டிப் பலா என்றால் தனி மதிப்பு. இளமரம் ஆகாது, முற்றி வைரம் பாய்ந்த மரம்தான் நாதம் கொடுக்கும் என்பார்கள். மிருதங்கம் என்றால் எனக்கு உயிர். அதற்காகப் பழைய மரம் ஒன்று சாய்கிறது என்றால் மனம் வலித்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். நூறு வருஷம் மண்ணில் நின்ற மரம் இன்னும் நூறு வருஷம் ஒரு வித்வான் மடியில் இருக்கும். புளியமரம் போன இடம் செங்கல் சூளை.

நான்காம் நாள்: நெய்வேலி, விருத்தாசலம்

கரியானதைப் பார்த்தாச்சு என்று சொன்னவர் இன்று காலை முதல் ஆளாகக் கிளம்பி நின்றார்.

சுரங்கத்துக்குள் நம்மை விட மாட்டார்கள். மந்தாரக்குப்பத்தில் சித்தப்பாவோடு வேலை பார்த்தவர் வீட்டுக்குப் போனோம். அவர் அலமாரியிலிருந்து ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்தார். தண்ணீர் நிறைத்து, அதற்குள் கறுப்பாய் ஒரு துண்டு. வெளியே எடுத்துக் கையில் கொடுத்தார். மரம். கல் இல்லை, முழுக் கரியும் இல்லை. பழுப்புக் கறுப்பு, எடை குறைவு, ஒரு பக்கம் நார் அப்படியே. நகத்தால் கீறினால் பழுப்புப் பொடி வருகிறது. "எதுக்குத் தண்ணில போட்டு வச்சிருக்கீங்க?" என்றேன். "வெளிய வச்சா காஞ்சு வெடிச்சிடும்மா. ராத்திரி வச்சா காலைல தூள்" என்றார். சுரங்கம் வெட்டுகிற பக்கெட் வீல் மிஷினின் பல்லில் சிக்கி வந்ததாம். முழு அடிமரமே சில நேரம் வரும், இரும்பை முறுக்கிவிடும் என்று இரண்டு பேரும் மாறி மாறிச் சொன்னார்கள்.

திருவக்கரையில் மணலும் சிலிக்காவும் கிடைத்த மரம் கல்லானது. இங்கே சதுப்பில், காற்றுப் புகாத சேற்றில், அடுக்கடுக்காய் விழுந்த காடு பழுப்பு நிலக்கரியானது. அங்கே கம்பி வேலி, கல்லைத் தட்டினால்கூட வாட்ச்மேன் சத்தம் போடுகிறார். இங்கே ராத்திரி பகலாக வெட்டி, கன்வேயரில் அனுப்பி, கொதிகலனில் போடுகிறோம்.

1930களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு தோண்டும்போது கறுப்பாய் ஏதோ வந்ததில்தான் இது தொடங்கியது. 1956இல் நெய்வேலி நிலக்கரி நிறுவனம், 1957இல் நேரு வந்து சுரங்கத்தைத் தொடங்கி வைத்தார், 1961இல் நிலக்கரி கண்ணில் பட்டது, 1962இல் சோவியத் உதவியோடு மின் நிலையம். நிலக்கரிக்கு மேலே கிடக்கிற மண்ணின் ஆழம் சில இடங்களில் நூறு மீட்டரை எட்டும். ஒரு டன் நிலக்கரி எடுக்க ஐந்தாறு கனமீட்டர் மண்ணைப் புரட்ட வேண்டும். நிலக்கரிக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கிற நிலத்தடி நீர் வேறு. அதை ஓயாமல் இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கத்தின் அடி வெடிக்காமல் நிற்கும். தானாகப் பொங்கி வழிந்த ஊற்றுக் கிணறுகளைப் பற்றி இந்த வட்டாரத்துப் பெரியவர்கள் இன்றும் பேசுகிறார்கள். இப்போது போர்வெல் போடுகிறவர்களிடம் ஆழம் கேட்டால் சிரிக்கிறார்கள்.

2023 ஜூலையில் வளையமாதேவி பக்கம், பரவனாற்றை மாற்றிவிடும் கால்வாய்க்காக, பச்சை நெல் நின்ற வயலில் இயந்திரம் இறங்கியதை டிவியில் எல்லோரும் பார்த்தோம். அன்று சித்தப்பா டிவியை அணைத்துவிட்டு வெளியே போய் நின்றது எனக்கு நினைவிருக்கிறது. இன்று அந்தப் பேச்சை எடுத்தேன்.

"நீ படிச்ச லைட்டு எதுல எரிஞ்சுது?" என்றார்.

"அதனால கடைசிக் கட்டி வரைக்கும் எரிச்சிடணுமா சித்தப்பா?"

"நான் சொன்னேனா? காத்தாடி போடு, சோலார் போடு. ஆனா சுரங்கத்துல செத்துப் பொழச்சவன் எல்லாம் காட்ட அழிச்சவன்னு எழுதாத."

எழுதவில்லை. சம்பளத்துக்கு மண் வெட்டியவர்கள் மீது எனக்குப் புகார் இல்லை. பூமிக்குள் சேரக் கோடிக்கணக்கான வருஷம் ஆன காட்டை, எண்ணி ஒரு நூறு வருஷத்தில் முடித்துவிடப் போகிறோம் என்பதை அவர்கள் அறிந்த அளவுக்கு வேறு யாரும் அறிந்திருக்க மாட்டார்கள். அந்த ஹார்லிக்ஸ் பாட்டிலை எதற்காக வைத்திருக்கிறார் அந்த மனிதர்?

திரும்பும் வழியில் விருத்தாசலம். விருத்தகிரீஸ்வரர் கோயில் தல மரம் வன்னி. கோயில் கட்டியபோது விபசித்து முனிவர் கூலியாட்களுக்கு வன்னி இலையை அள்ளிக் கொடுப்பாராம், அவரவர் உழைத்த அளவுக்கு அது பொன்னாக மாறுமாம். உழைக்காதவன் கையில் இலையாகவே இருக்குமாம். சித்தப்பாவுக்கு இந்தக் கதை மிகவும் பிடித்துவிட்டது, ஆபீசில் இப்படி ஒரு முறை இருந்திருந்தால் எத்தனை பேர் இலையோடு வீட்டுக்குப் போயிருப்பார்கள் என்று கணக்குப் போட்டுக்கொண்டே வந்தார்.

வன்னிக்கு என்ன வயது என்று கேட்டால் ஆளுக்கொரு ஆயிரம் சொல்கிறார்கள். தேக்கு மாதிரிச் சிலவற்றை விட்டால், நம்மூர் மரங்களில் ஆண்டு வளையம் ஒழுங்காக விழாது. முதுமரமென்றால் நடுவில் பொந்து வேறு. எண்ணிச் சொல்ல முடியாது. எண்ண முடிந்த இடத்தில் என்ன நடந்தது தெரியுமா? அமெரிக்காவில் நெவாடா மலையில், 1964இல், பிரிசில்கோன் பைன் மரம் ஒன்றின் வயதைத் தெரிந்துகொள்ள ஒரு ஆராய்ச்சி மாணவர், வனத்துறை அனுமதியோடு அதை வெட்டினார். வெட்டி எண்ணியதில் 4,800 வளையங்களுக்கு மேல். அதுவரை தெரிந்த மரங்களிலேயே மூத்தது அதுதான் என்பது அது செத்த பிறகு தெரிந்தது. இப்போது அதே வகையில் கலிபோர்னியாவில் நிற்கிற மெத்தூசலா என்ற முதுமரம் எது என்று அடையாளம் காட்ட அந்நாட்டு வனத்துறை மறுக்கிறது. வன்னிக்கு ஆளுக்கொரு ஆயிரமாகவே இருக்கட்டும்.

ஐந்தாம் நாள்: பிச்சாவரம்

காலை முதல் படகு, உப்பங்கழிக் காட்டுக்குள். சித்தப்பாவுக்குத் தண்ணீர் என்றால் பயம், லைஃப் ஜாக்கெட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார்.

சுரபுன்னையின் வேர்கள் வில்லாய் வளைந்து தண்ணீருக்குள் இறங்கும் படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். காட்டில் அதிகம் இருப்பது அலையாத்தி. நான் தேடி வந்தது தில்லை. சிதம்பரம் கோயிலின் தல மரம், ஒரு காலத்தில் அந்த வட்டாரமே தில்லை வனம். இன்று தில்லையைப் பார்க்க வேண்டுமென்றால் இங்கே வர வேண்டும். படகுக்காரர் துடுப்பால் காட்டினார். இலை சில பழுத்துச் சிவந்த, சாதாரணமாகத் தெரிகிற மரம். சித்தப்பா கையை நீட்டினார்.

"ஐயா, வேணாம். கொப்பு ஒடிஞ்சா பால் தெறிக்கும், கண்ணுல பட்டா பார்வைக்கே கேடு."

பயம் காட்டுவதில் அய்யனாருக்குச் சளைத்ததில்லை தில்லை. அப்படியிருந்தும் இந்தக் காட்டை முறை வைத்து வெட்டினார்கள். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து, துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டாக மொட்டையடித்தார்கள். தானாக முளைத்துவிடும் என்பது கணக்கு. முளைக்கவில்லை. நிழல் போனதும் சேற்று மண் வெயிலில் காய்ந்து உள்வாங்கித் தொட்டி மாதிரி குழிந்தது. கடல் ஏற்றத்தில் உள்ளே வந்த தண்ணீர் வற்றத்தில் வெளியே போகாமல் தேங்கியது. தேங்கியது காய்ந்து காய்ந்து உப்பேறியது. விதை விழுந்தாலும் கருகியது. மேய்ந்த ஆடுமாட்டையும் விறகு பொறுக்கிய ஏழையையும் வெகுநாள் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் பக்கத்து ஊர் மக்களும் சேர்ந்து, மீன் முள் வடிவத்தில் வாய்க்கால்கள் வெட்டினார்கள். நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், இரு பக்கமும் சாய்வாகச் சின்ன வாய்க்கால்கள். கடல் தண்ணீர் வந்து போக வழி கிடைத்ததும் உப்பு இறங்கியது, கன்று பிடித்தது. 2004 சுனாமியில் கடலூர் மாவட்டக் கரையில் மரம் இருந்த இடத்துக்கும் இல்லாத இடத்துக்கும் சேதத்தில் இருந்த வித்தியாசத்தை மறு வருஷமே ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். 2022இல் பிச்சாவரம், உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது.

படகுக்காரருக்கு ராம்சார் தெரியாது, வாய்க்கால் தெரியும். அவர் அப்பா கூலிக்கு வெட்டியவராம், இவர் சின்ன வயதில் சோறு கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்.

"வெட்டுனதோட முடிஞ்சுதா அண்ணே?" என்று கேட்டேன்.

"எங்கம்மா முடியறது? சேறு வந்து அடைச்சுகிட்டே இருக்கும். தூர் வாரலைன்னா மறுபடியும் தண்ணி நின்னு உப்பாயிடும். போன தடவை நானே எறங்கி வாரினேன்."

"எவ்வளவு கூலி கொடுத்தாங்க?" என்று சித்தப்பா ஆரம்பித்தார். கரைக்கு வரும் வரைக்கும் அவர்கள் இரண்டு பேரும் மண் வெட்டுவதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்கள். ஆழம் எவ்வளவு, கரைச் சரிவு எப்படி, வாரிய சேற்றை எங்கே கொட்டினால் மழைக்குத் திரும்ப உள்ளே இறங்காது என்று. கரையில் கொட்டினால் ஒரே மழையில் திரும்பிவிடும், தள்ளித்தான் கொட்டணும் என்று சித்தப்பா அடித்துச் சொன்னார். படகுக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை.